ஒருத்தி இருந்தால் வீடு

அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்தது தப்பு. வெயில் நேராக அவள் முகத்தில் அடிக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் வைத்திருந்தால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் அந்தக் காலை மிதித்திருப்பான், கட்டுப் போட்ட கால், சர்க்கரையில் இரண்டு விரலை எடுத்தாகிவிட்டது, மிச்சத்தையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் பையன் சொன்னான், ஏதோ சில்லறையைச் சொல்வதுபோல. என் முந்தானையை இழுத்து அவள் தலையில் போட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரி இருக்கிறாளா, பவுனுத்தாய் விஷயத்தில் அதை இந்த ஜென்மத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறியதும் கண்டக்டர் வந்தான். பொம்பளைகளுக்குக் காசில்லாத டிக்கெட் என்றாலும் எங்கே இறங்குகிறாய் என்று கேட்கத்தான் செய்கிறான், அதைக் கேட்காமல் விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். "பாட்டிக்குக் காப்பகம் விலக்கு, எனக்கு வெள்ளக்கரடு" என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். ரோட்டிலிருந்து முதியோர் காப்பகத்துக்குப் பாதை பிரிகிற நிறுத்தம் அது, அங்கே இடம் கேட்டு வைத்திருக்கிறேன், கட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அவளை அங்கே இறக்கி விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் நான் என் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் இன்றைய வேலை. அதைச் சொல்லும்போது அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. கேட்டிருப்பாள். அவள் உடம்பில் இன்னும் முழுசாக இருப்பது காது ஒன்றுதான்.

ஏன் என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதில் வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இத்தனை நாளில் அவளும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பதில் சொல்லிப் பாரம் இறங்கியிருக்கும். என் தொழில் என்னவென்று வெள்ளக்கரட்டில் எல்லோருக்கும் தெரியும். சொந்த வீடு, ஓட்டு வீடு, ஊர்க் கடைசி. அந்த வீட்டை வாங்கி வந்த புதிதில் ஏட்டையா ஆரோக்கியம் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார், "இங்க பாரும்மா நாகரத்தினம், நீ ஒருத்தியா இருக்கிற வரைக்கும் அது உன் வீடு. உள்ள நீ என்ன பண்றேன்னு எவனும் கேக்க முடியாது. இன்னொருத்தியச் சேத்த, அன்னைக்கே அது விடுதி. அப்புறம் நானே வந்து பூட்டு போட வேண்டியிருக்கும்." நான் நம்பவில்லை. ஒரு பொம்பளை செய்தால் குற்றமில்லையாம், இரண்டு பொம்பளை ஒரு கூரையின் கீழ் இருந்தால் குற்றமாம், இது என்ன கணக்கு என்று சிரித்தேன். பிறகு எங்கள் சங்கத்துக் கூட்டத்துக்கு வக்கீலம்மா வந்தபோது எழுந்து கேட்டேன். கல்யாண மண்டபத்தில் கூட்டம், பன்னும் டீயும் கொடுத்தார்கள், வக்கீலம்மா டீயைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னாள். ஏட்டையா சொன்னது சரிதான். அதோடு நிற்கவில்லை. இந்தச் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யாராக இருந்தாலும், வயசுக்கு வந்த மகனாக இருந்தாலும் பெற்ற தாயாக இருந்தாலும், அவர்மேல்தான் வழக்கு வரும் என்றாள். எனக்கு வராது, என் சோற்றைத் தின்றவருக்கு வரும். "அப்ப நாங்க சோறாக்கி நாங்களே திங்கணுமாம்மா" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், மண்டபமே சிரித்தது, வக்கீலம்மாவும் சிரித்தாள். அக்காவும் அன்றைக்கு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வந்த பன்னை என் பையில் போட்டாள், சர்க்கரைக்கு ஆகாதென்று.

அதிலும் இவளை வைத்தால் இன்னும் மோசம். வயசானவள், தொழிலை விட்டவள், எழுந்து நடக்க முடியாதவள், பாவம் என்று எவன் எழுதுவான். கொஞ்சம் வயசான ஒருத்தியும் ரொம்ப வயசான ஒருத்தியும் ஒரே வீட்டில் இருந்தால் சின்னவள் தொழிலாளி, பெரியவள் முதலாளி, ஸ்டேஷனில் இப்படித்தான் எழுதுவார்கள், யோசிக்கக்கூட மாட்டார்கள். கால்விரல் போன கிழவியை முதலாளி என்று போட்டு ஜீப்பில் ஏற்றுவார்கள். அவளால் ஜீப்பில் ஏற முடியாது. இந்தப் பஸ்ஸிலேயே நானும் கண்டக்டரும் சேர்ந்துதான் தூக்கினோம். நான் அவளைக் கைவிடவில்லை, காப்பாற்றத்தான் போகிறேன். இதை எத்தனை தரம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தரமும் சரியாகத்தான் இருக்கிறது, சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

பயம் சும்மா வரவில்லை. என் தங்கச்சி மகுடேஸ்வரி மாரியம்மன் திருவிழா சாட்டியபோது தீச்சட்டி எடுக்க என் வீட்டுக்கு வந்திருந்தாள். வருசக்கணக்கில் பேசாமல் இருந்தவள், புருசனிடம் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள், எங்க அக்கா வீட்டில் தங்காமல் நான் எங்கே தங்குவேன் என்று கேட்டாளாம், அதைச் சொல்லும்போதே அவளுக்கு வெட்கமும் சிரிப்பும். நான் எப்போதும் வாசலில் ஒரு ஜோடிச் செருப்புதான் விடுவேன், கொடியில் ஒரு சேலைதான் காயும், குளிக்கிற சோப்புக்கூட ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைப் பிரிப்பேன். புதிதாக வருகிற எந்த அதிகாரியும் முதலில் எண்ணுவது இதைத்தான். அந்தச் சந்தோசத்தில் மறந்து தொலைத்தேன். நானும் அவளும் மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலைகளை அலசிப் பக்கத்தில் பக்கத்தில் காயப் போட்டோம். புது இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். இது யாரு என்றார். "என் கூடப் பொறந்தவங்க" என்றேன். "எல்லாரும் கூடப் பொறந்தவளுகதான்" என்று சொல்லி இரண்டு பேரையும் ஏற்றினார். மணிக்கட்டில் அம்மனுக்குக் கட்டிய காப்போடு மகுடேஸ்வரி ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருசன் ரேஷன் கார்டோடு வந்து அவளை மீட்டான், என் பக்கம் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை. தீச்சட்டியை யார் எடுத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்கு என்ன தண்டனை கொடுத்திருந்தாலும் தாங்கியிருப்பேன், எனக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை, எச்சரித்து அனுப்பினார்கள். அன்றைக்கு இழந்த தங்கச்சி இழந்தவள்தான்.

பஸ் நின்றது. யாரோ கோழிக்கூடையோடு ஏறுகிறார்கள். முன்னால் உட்கார்ந்திருப்பது பூங்கோதைதானே? ஆமாம், கொண்டையைப் பார்த்தாலே தெரிகிறது. பால் சொசைட்டிக்காரர் பெண்டாட்டி, எங்கள் தெருமுனை. ஏறும்போதே என்னைப் பார்த்திருப்பாள், பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், முதுகு மட்டும் இரண்டு காதாக விறைத்துக்கொண்டிருக்கிறது. இவள் புருசன்தான் தெருவில் பிள்ளையார் கோயில் கட்ட வசூல் பண்ணினவர். பக்தி ஒன்றும் பொத்துக்கொண்டு வரவில்லை, கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இந்தத் தொழில் கூடாது என்று எவனோ பேப்பரில் படித்துவிட்டு வந்து சொன்னான், பள்ளிக்கூடம் கட்ட முடியாது, ஆஸ்பத்திரி கட்ட முடியாது, பிள்ளையார்தான் மலிவு. மளமளவென்று சிமெண்டு பூசி, மணி கட்டி, பேரூராட்சி அலுவலகத்துக்கு மனுவும் கொடுத்தார்கள். அது எங்கள் வேலையில்லை, மேலிடத்திலிருந்து உத்தரவு வரவேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள், மேலிடத்துக்குப் போன காகிதம் இன்னும் திரும்பி வரவில்லை, நடுவில் பிள்ளையார் மட்டும் அநாதையாக உட்கார்ந்திருக்கிறார். கட்டினவர்கள் இரண்டு வாரம் விளக்கு வைத்தார்கள். பிறகு நான்தான் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிக் கோலம் போட்டுக் கற்பூரம் ஏற்றுகிறேன். என்னை விரட்ட வந்த சாமி, அவருக்கும் வேறு ஆளில்லை. வசூல் பண்ணின மகராசன் அந்த வருசம் தீபாவளி வரைக்கும் என் வீட்டுக்கு வந்துபோனவர்தான், அதைச் சொன்னால் இந்தக் கொண்டை அவிழ்ந்து விழும். சொல்ல மாட்டேன். பூங்கோதை மேல் எனக்குக் கோபமில்லை. அவள் வீட்டில் அவள், மாமியார், நாத்தனார், இரண்டு மகள், ஐந்து பொம்பளை ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், அவர்கள் கொடியில் எத்தனை சேலை காய்ந்தாலும் யாரும் எண்ணுவதில்லை. பொறாமை இருக்கிறது. கோபமில்லை.

அக்கா அசைந்தாள். தண்ணி வேண்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், வேண்டாமென்றா வேண்டுமென்றா தெரியவில்லை, பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தேன், குடித்தாள். பாட்டிலைப் பிடித்த அவள் கையில் அந்தத் தழும்புகள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வட்டம் வட்டமாக, இப்போது தோல் சுருங்கி அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது, ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாகூட அம்மையா பாட்டி என்று கேட்டாள், இவளும் ஆமா தாயி என்றாள். அம்மை இல்லை. ஈரோட்டில் மாடிவீட்டில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தபோது ஒரு பீடிக்காரன் வருவான். பீடி நெருப்பால் சுடுவதில் அவனுக்கு ஒரு ஆசை. நான் அப்போது புதுசு, அவன் என்னைத்தான் கேட்பான். மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் சுவரோடு ஒண்டுவேன். இவள் எழுந்து முன்னால் போய் நிற்பாள். "அது இன்னைக்கு தூரம்ங்க, நான் வாரேன்." ஒவ்வொரு தரமும் அதே மாதவிலக்குப் பொய். ஒரு மாதத்தில் எத்தனை தரம்தான் ஒருத்தி தூரமாவாள் என்று அவன்கூடக் கேட்டுச் சிரித்தான். வெளியே வந்து கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு எனக்குத் தலை சீவி விடுவாள். ஒரு நாளும் உனக்காகத்தான் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அவளை வெறுத்துத் தப்பித்திருப்பேன். அவள் பெற்ற மகன் திருப்பூரில் நன்றாக இருக்கிறான், ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டேன், "நீங்க யாரு பேசுறது" என்றான், நான் யாரென்று சொல்ல வாயெடுத்ததும் வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய. காப்பகத்தில் அந்த வார்டனம்மா, நல்ல மாதிரி, வெள்ளைச் சேலை, அவளும் இதையேதான் கேட்டாள், உங்களுக்கு அவங்க என்ன உறவு என்று. தெரிஞ்சவங்க என்றேன். தெரிஞ்சவங்க. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைச் சொல்வோம், கடைக்காரரைச் சொல்வோம். என் நாக்கு எப்படி அதற்குத் திரும்பியது.

தொழிலை விட்டுவிட்டால் என்ன? இதையும் யோசிக்காமலில்லை. விட்டுவிட்டால் நாங்கள் இரண்டு பொம்பளை, யாரும் எண்ண வேண்டியதில்லை, இருபது சேலை காயப் போடலாம். அப்புறம் எதைத் தின்போம்? நூறு நாள் வேலைக்குப் போனேன், என் பக்கத்தில் நின்று மண் அள்ள யாருக்கும் மனசு வரவில்லை, வரப்புக் கடைசியில் தனியாக நிறுத்தினார்கள், அங்கேயும் ஒருத்திதான். சம்பாத்தியம் வேண்டுமென்றால் துணை கூடாது, துணை வேண்டுமென்றால் சம்பாத்தியம் கூடாது, நன்றாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், எழுதினவர் வீட்டில் இரண்டும் இருந்திருக்கும். எனக்கும் வயசு ஏறுகிறது. இப்போதே வருகிறவர்கள் பழகினவர்கள்தான், பெண்டாட்டி செத்துப்போன வாத்தியார் வருகிறார், வந்தால் பாதி நேரம் அவர் மருமகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார். இன்னும் கொஞ்சநாளில் எனக்கும் ஒரு கட்டில் கேட்டு யாராவது போக வேண்டிவரும். யார் போவார்கள்? மகுடேஸ்வரியா? எனக்காகப் பயப்படுகிறேனா, அக்காவுக்காகப் பயப்படுகிறேனா? அவளுக்காக என்றுதானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டு வந்தேன். வாத்தியாரை வரவேண்டாம் என்று சொல்லலாம். லாரி ஷெட்டுக்காரரையும் சொல்லலாம். ஆடு வாங்கலாம், ஆட்டுக்கு என் பக்கத்தில் நிற்க வெட்கமில்லை. ஆடு குட்டி போட்டுக் காசாகிறவரைக்கும்? அதுவரைக்கும் வாத்தியார் வரட்டும். வாத்தியார் வந்தால் மறுபடி இவள் முதலாளி. சுற்றிச் சுற்றிச் செக்குமாடு மாதிரி அங்கேயே வந்து நிற்கிறேன். ஒரு தைரியசாலி இந்த இடத்தில் என்ன செய்வாள்? எனக்குத் தெரியாது, நான் தைரியசாலி இல்லை, எனக்குத் தெரிந்த தைரியசாலி ஒருத்திதான், அவள் தலையில் என் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

"காப்பகம் விலக்கு. காப்பகம் எறங்கு" என்று கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். அதற்குள்ளா? புளியமரம், மஞ்சள் பலகை, உள்ளே போகிற மண்பாதை. எழுந்திருக்க வேண்டும். அக்கா சட்டென்று கண்ணைத் திறந்தாள், தூக்கக் கலக்கமே இல்லை, முந்தானையை எடுத்து என் தோளில் போட்டாள், பையை மடியில் இழுத்தாள், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள். ஒற்றைக் காலில். நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வழிவிடச் சொல்லி முழங்காலால் என்னை இடித்தாள். என் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. நான் பிடிக்கச் சொல்லவில்லை.

"விடுடி. அங்க மூணு நேரமும் சோறாம், கட்டிலாம், டிவியாம். நான் என்ன கொலைக்களத்துக்கா போறேன்?"

"உக்காருக்கா."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? நான் வந்தா உன் வீடு வீடா இருக்காதுடி. வக்கீலம்மா சொன்னது காதுல விழலையா?"

"இப்ப மட்டும் அது வீடாவா இருக்கு? உக்காரு."

"யம்மா, எறங்குறதுன்னா வெரசா எறங்குங்க, பின்னால வண்டி நிக்குது" என்று கண்டக்டர் வந்துவிட்டான். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. கோழிகூட.

"எறங்கலைங்க. வெள்ளக்கரடு போறோம்."

"பாட்டிக்கு இங்கதான வாங்குனீங்க? அப்ப வெள்ளக்கரடு எத்தன பேரு?"

பூங்கோதையின் கொண்டை மெல்லத் திரும்பியது. பாதி முகம், ஒரு கண், மூக்குத்தி. இன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரியும், நாளைக்கு ஸ்டேஷனுக்குத் தெரியும்.

"ரெண்டு பேருங்க" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. "ரெண்டு பேரு. நானும் எங்கக்காவும். எங்க வீட்டுக்கு." இந்தமுறை டிரைவருக்கே கேட்டிருக்கும்.

கண்டக்டர் விசிலை ஊதினான். பஸ் குலுங்கியதில் அக்கா தொப்பென்று சீட்டில் விழுந்தாள், கால் இடித்துவிட்டது, ஸ்ஸ் என்று பல்லைக் கடித்தாள். மஞ்சள் பலகை பின்னால் போனது. பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது, அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன், சிரிக்கிறாள், வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிறாள்.

"என்னைய முதலாளின்னு எழுதுவானுங்கடி ரத்தினம். ஆயுசு முச்சூடும் அடுத்தவ வீட்டுல கெடந்தவ நான். ஒரு பாயி சொந்தமில்ல. கடைசியில சர்க்கார்ல பாத்து என்னைய முதலாளி ஆக்குது பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, இப்போதுகூட அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கலாம், அவ்வளவு தூரம்கூட இல்லை. நான் அவள் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ரத்தம் கசிந்து கட்டு நனைந்திருந்தது, வீட்டுக்குப் போனதும் முதலில் அதை மாற்ற வேண்டும்.